துணைவிசைகள்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் இலக்கணம் பயின்றோர் இடைச்சொல்லின் இயல்பை நன்கு அறிவர். அது தனித்து நடவாது. பெயரையேனும் வினையையேனும் சார்ந்து நின்றே பொருள் தரும். எழுத்துப் பொறிகளிலும் கணினிகளிலும் அத்தகைய விசைகள் சில உண்டு. ஷிப்ற், கொன்ரோல், ஓல்ற் என்னும் பெயர் தாங்கி விசைப்பலகையின் ஓரங்களில் ஒதுங்கிக் கிடப்பவை அவை. அவற்றைத் தனியே எத்தனை நேரம் அழுத்தினும் தாளில் ஓர் எழுத்துத் தானும் விழுவதில்லை. வேறொரு விசையுடன் சேர்ந்த அளவிலேயே அவை அதன் பயனை மாற்றுகின்றன. இக்கட்டுரையில் அவற்றைத் துணைவிசைகள் என்றே வழங்குவோம்.

துணைவிசை அழுத்தப்பட்டிருக்கிறதா, இல்லையா என்பதை ஒரு கணினிச் செயலி எவ்வாறு அறிகிறது? கேட்பதற்கு இது சிறுபிள்ளைக் கேள்வியாகத் தோன்றும். ஆயினும் இக்கேள்விக்கு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. நிரல் எழுதும் நம் இளைஞர் பலர் இடர்ப்படும் இடங்களும் அவ்வரலாற்றிலேதான் வேர் கொண்டிருக்கின்றன.

அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் வாழ்ந்த கிறிஸ்தோபர் ஷோல்ஸ் என்பவர், தம் நண்பர் இருவருடன் கூடி 1868 ஆம் ஆண்டில் எழுத்துப் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கி செய்து பேர் பெற்றிருந்த றெமிங்ரன் நிறுவனம் அதனைச் செய்து 1874 இல் விலைக்கு விட்டது. அப்பொறி ஆங்கிலப் பேரெழுத்துக்களை மாத்திரமே எழுத வல்லது. சிற்றெழுத்தும் வேண்டுமெனின் விசைகளை இரட்டிப்பது ஒரு வழி. 1878 இல் வெளிவந்த றெமிங்ரன் இரண்டாம் இலக்கப் பொறி வேறு வழி காட்டியது. ஒவ்வோர் எழுத்துக் கம்பியின் நுனியிலும் சிற்றெழுத்தும் பேரெழுத்துமாக இரண்டு அச்சுக்கள் பொருத்தப்பட்டன. ஒரு விசையை அழுத்தியவுடன் தாளைத் தாங்கும் உருளை முழுவதும் சற்றே இடம் பெயரும். இரண்டாம் அச்சு தாளிற் படும். உருளை 'பெயர்ந்தமை'யாலேயே அவ்விசைக்கு ஷிப்ற் என்ற பெயர் வந்தது. இன்றைய கணினியில் உருளையும் இல்லை, பெயர்தலும் இல்லை. பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது.

எல்லோரும் இதனை உடனே ஏற்றுக்கொண்டார் என்று எண்ணற்க. கலிகிராப், சிமித் பிரிமியர் முதலிய பொறிகள் பேரெழுத்துக்கும் சிற்றெழுத்துக்கும் வெவ்வேறு விசைகளைக் கொண்டு போட்டிக்கு வந்தன. ஓர் எழுத்துக்கு ஒரு விசை என்பது தெளிவாக இருக்கிறதே, இரண்டு விசைகளை ஒருங்கே அழுத்துவது வீண் தொல்லையல்லவா என்பது அவர் வாதம். 1888 ஆம் ஆண்டு யூலை மாதம் சின்சினாற்றி நகரில் ஒரு போட்டி நடைபெற்றது. பிராங் மக்கரின் என்பவர் ஷிப்ற் விசையுள்ள றெமிங்ரன் பொறியில், விசைகளைப் பாராமலே பத்து விரலாலும் எழுதினார். லூயி ரிறோப் என்பவர் இரட்டை விசைப்பலகையுள்ள கலிகிராப் பொறியிற் பார்த்துப் பார்த்து எழுதினார். மக்கரின் வென்றார். விரல்கள் பழகக்கூடிய அளவுக்குச் சிறிய பலகையே வேகந் தரும் என்பதற்கு அது கண்கண்ட சான்றாயிற்று. பின்னர் இரட்டைப் பலகைகள் மெல்ல மெல்ல மறைந்தன.

இவ்விடத்தில் நாம் நினைவிற் கொள்ளத் தக்கது ஒன்றுண்டு. அந்த இரும்புப் பொறியில் "ஷிப்ற் அழுத்தப்பட்டிருக்கிறதா?" என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. உருளை இருக்கும் இடமே விடை. நிலையும் செயலும் ஒன்றாய் இருந்த காலம் அது.

தமிழுக்கு வந்தால் இடர் பெரிது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்களை ஒரு சிறு பலகையில் அடக்குவது எங்ஙனம்? யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயா நாட்டிற் சென்று வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள் இதற்கு விடை கண்டு தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியமை நம் பெரியோர் அறிந்ததே. ஷிப்ற் விசை அதிலும் உண்டு. அத்துடன் 'நகரா விசை' என்ற உத்தியும் உண்டு. புள்ளி முதலிய குறிகளுக்குரிய விசையை அழுத்தினால் குறி தாளில் விழும். உருளை மட்டும் நகராது. அடுத்து அழுத்தும் எழுத்து அதே இடத்தில் விழுந்து குறியுடன் சேரும். ஆகவே கையால் எழுதும்போது எழுத்து முன்னும் புள்ளி பின்னுமாக வருவது, பொறியிற் புள்ளி முன்னும் எழுத்துப் பின்னுமாக மாறிற்று. ஷிப்ற் விசை ஒருங்கே அழுத்தப்படுவது; நகரா விசை முன்பின்னாக அழுத்தப்படுவது. இரண்டும் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றே.

இனித் தந்தியின் பக்கம் செல்வோம். பிரான்சிய தேசத்துப் போடோ என்பவர் 1870 களில் ஐந்து அலகு கொண்ட தந்திக் குறியீட்டை அமைத்தார். ஐந்து அலகினால் முப்பத்திரண்டு குறிகளே ஆகும். எழுத்தும் எண்ணும் நிறுத்தக் குறியும் அதற்குள் அடங்கா. ஆதலின் 'இனி வருவன எண்கள்' என்று ஒரு குறியும், 'இனி வருவன எழுத்துக்கள்' என்று ஒரு குறியும் வகுக்கப்பட்டன. ஏற்கும் பொறி கடைசியாக வந்த ஆணையை நினைவில் வைத்து அதன்படி எழுதும். கம்பியில் ஏற்பட்ட இரைச்சலினால் அந்த ஒரு குறி கெட்டுப்போனால், அதன் பின் வருவன அனைத்தும் எண்களும் குறிகளுமாக உளறலாகிவிடும். விரலால் அழுத்திப் பிடித்திருக்கும் துணைவிசைக்கும், ஒருமுறை தட்டிவிட்டால் மறுமுறை தட்டும்வரை நிலைத்து நிற்கும் துணைவிசைக்கும் உள்ள வேற்றுமை இங்கே முதன்முதலாகத் தெளிவாகப் புலப்படுகிறது. இன்றைய கப்ஸ் லொக் விசை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கடவுச்சொல்லை மும்முறை பிழையாக எழுதிவிட்டுத் தலையைச் சொறிபவர், போடோ காலத்துத் தந்தி எழுதுநரின் துன்பத்தையே அனுபவிக்கிறார்.

1963 ஆம் ஆண்டில் அமெரிக்கர் ஏழு அலகு கொண்ட ஆஸ்கி என்னும் குறியீட்டை நியமமாக்கினர். நூற்றிருபத்தெட்டு இலக்கங்கள், அவற்றுள் முதல் முப்பத்திரண்டும் எழுத்தல்ல, பொறிக்கு இடும் ஆணைகள். மணியடி, வரியை மாற்று, உருளையைத் தொடக்கத்துக்குக் கொண்டு செல் என்பன போன்றவை. இவ்வாணைகளை விரலால் அனுப்புவதற்கே கொன்ரோல் விசை பயன்பட்டது. அதன் வேலை வெறுங் கணக்கு. பேரெழுத்து 'ஏ' யின் இலக்கம் 65. கொன்ரோலுடன் அழுத்தினால் 64 கழிந்து 1 ஆகும். 'ஜி' 71, கொன்ரோலுடன் 7, அதுவே மணி. 1967 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நிலைபெற்ற சிற்றெழுத்துக்களோ பேரெழுத்தினின்றும் சரியாக 32 தள்ளி நின்றன. ஷிப்ற் செய்வதும் அங்ஙனமே கணக்காயிற்று.

இதனால் நேர்ந்த விளைவு சிந்திக்கத் தக்கது. கணினிக்குத் துணைவிசை தெரிவதில்லை. கணக்கின் முடிவு மட்டுமே தெரிகிறது. கொன்ரோலுடன் 'ஐ' அழுத்தினால் 9. ராப் விசையை அழுத்தினாலும் 9. கொன்ரோலுடன் 'எம்' அழுத்தினால் 13. வரி முடிக்கும் விசைக்கும் 13. எது அழுத்தப்பட்டது என்று பின்னர் எவராலும் பிரித்தறிய முடியாது. எழுத்து முனையத்தில் ஓடும் செயலிகள் பலவற்றில் இக்குழப்பம் இன்றும் நீங்கவில்லை.

இக்கட்டினின்றும் வெளியேற முயன்றோர் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தார். பின்னாளிற் பஸ்கால் மொழியைப் படைத்துப் புகழ் பெற்ற நிக்லவுஸ் விர்த், 1960 களின் நடுவில் ஸ்ரான்போர்ட்டில் இருந்த காலத்து, ஏழு அலகுக்கு மேல் எட்டாம் அலகு ஒன்றை எழுப்பும் தனி விசை வேண்டும் என்ற யோசனையைச் சொன்னார் என்பர். அவரது முன்பற்களைக் கருதி அங்குள்ள குறும்பர் சிலர் அவருக்குப் 'பக்கி' என்று மறைவாகப் பட்டப்பெயர் இட்டிருந்தனராம். அதனால் துணைவிசைக்குரிய அலகுகள் 'பக்கி அலகுகள்' எனப்பட்டன என்று கணினியாளர் வழக்கிலே ஒரு கதை உண்டு. மாணவர் எந்நாட்டிலும் மாணவரே போலும்! ஸ்ரான்போர்ட் விசைப்பலகையில் கொன்ரோலுடன் மெற்றா என்னும் விசையும் இடம் பெற்றது. மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் இன்னும் மேலே சென்றனர். 'விண்வெளி மாணவன்' என்று பொருள்படும் பெயர் பெற்ற அவர்களின் விசைப்பலகையில் கொன்ரோல், மெற்றா, சூப்பர், ஹைப்பர் என நான்கும், ஷிப்ற் வகையில் மூன்றுமாக ஏழு துணைவிசைகள் இருந்தன. 1976 இல் தோன்றிய ஈமக்ஸ் என்னும் பதிப்புச் செயலி இவ்வாய்வுகூட மரபிற் பிறந்த பிள்ளை. அதைப் பயன்படுத்துவோர் சுண்டுவிரல் வலிக்கிறது என்று முறையிடுவது காரணமின்றியன்று.

1981 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினி வெளிவந்தபொழுதுதான் கேள்விக்கு நேரான விடை கிடைத்தது. அதன் விசைப்பலகை எண்பத்துமூன்று விசைகள் உடையது. அது எழுத்தை அனுப்புவதில்லை. எந்த இடத்து விசை அழுந்தியது, எந்த இடத்து விசை எழுந்தது என்பதை மட்டும் இலக்கத்தால் அறிவிக்கும். இடப்பக்க ஷிப்ற் அழுந்தினால் 42. எழுந்தால் அதனுடன் 128 கூட்டி 170. கொன்ரோலுக்கு 29, ஓல்ற் விசைக்கு 56. முன்னைய பொறிகள் பலவற்றில் விசை எழுந்த செய்தி கணினிக்கு வந்ததில்லை. அழுந்தியதும் எழுந்ததும் இரண்டும் தெரிந்தால், இடைப்பட்ட காலத்தில் அது அழுந்தியே இருந்தது என்று துணியலாமன்றோ?

கணினியுள் நிலையாகப் பதிக்கப்பட்ட அடிப்படைச் செயலி அவ்வாறே துணிந்தது. நினைவகத்தில், பதினாறடிமான எண்முறையில் 417 என்னும் முகவரியில், ஒரு பைற் இதற்கென ஒதுக்கப்பட்டது. அதன் எட்டு அலகுகளும் எட்டு விளக்குகள் போல்வன. முதலாவது வலப்பக்க ஷிப்ற், இரண்டாவது இடப்பக்க ஷிப்ற், மூன்றாவது கொன்ரோல், நான்காவது ஓல்ற். எஞ்சியவை நிலைத்து நிற்கும் விசைகளுக்கு. அக்காலத்து நிரலாளர் அம்முகவரியை நேரே எட்டிப் பார்த்து, வேண்டிய அலகை மட்டும் பிரித்தெடுத்து விடை கண்டனர். கொன்ரோல், ஓல்ற், டிலீற் மூன்றையும் சேர்த்து அழுத்தினாற் கணினி மீளத் தொடங்கும் ஏற்பாட்டை அமைத்த டேவிட் பிராட்லி, இக்கணினியை உருவாக்கிய பொறியியலாளருள் ஒருவர். தற்செயலாக அழுத்தப்படலாகாது என்பதற்காகவே மூன்று விசைகள் வைக்கப்பட்டன.

ஆயினும் இதிலும் ஒரு குறை ஒளிந்திருந்தது. அழுத்திய எழுத்துக்கள் பதினைந்து வரை ஒரு வரிசையிற் காத்திருக்கலாம். செயலி வேறு வேலையில் மூழ்கியிருக்கையில் நாம் விரைந்து எழுதிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறோம். செயலி பின்னர் வந்து வரிசையிலிருந்து எழுத்தை எடுக்கிறது. 417 ஐயும் பார்க்கிறது. எழுத்தோ முன்பு எழுதியது. துணைவிசையின் நிலையோ இப்போதுள்ளது. இறந்த காலமும் நிகழ்காலமும் ஒரே வாக்கியத்தில் மயங்குவது போன்ற வழு இது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் காலம் பொருந்தாவிடின் ஆசிரியர் சிவப்பு மையாற் சுழிப்பார். கணினி சுழிப்பதில்லை, பிழையான கட்டளையை நிறைவேற்றிவிடுகிறது.

சாளர முறைக் கணினிகள் தோன்றியபின் இவ்வழு பெரும் பிரச்சினையாயிற்று. 1984 இல் வந்த மக்கின்ரொஷ் கணினியில் கட்டளைகளுக்கென்றே ஒரு துணைவிசை அமைந்தது. அதில் முதலில் அப்பிள் உருவத்தையே பொறித்திருந்தனர். பட்டியல்களில் எங்கும் அவ்வுருவமே நிறைந்து மலிவடைகிறது என்று ஸ்ரீவ் ஜொப்ஸ் மறுக்கவே, சூசன் கேர் என்னும் ஓவியர் குறியீட்டு அகராதி ஒன்றிலிருந்து நான்கு மடிப்புள்ள கோலம் போன்ற ஒரு சின்னத்தைத் தெரிந்தெடுத்தார். சுவீடன் நாட்டில் பார்க்கத் தக்க இடங்களைக் காட்டும் சின்னம் அது. நம்மவர் கண்ணுக்கு வாசலில் இட்ட கம்பிக் கோலம் போலவே தோன்றும்.

1985 இல் வந்த விண்டோஸ் முறையில் ஒவ்வொரு விசையழுத்தமும் ஒரு கடிதம் போல வரிசையிற் சேர்க்கப்பட்டு, செயலி ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கும். துணைவிசை நிலையை அறிய அதில் இருவகைக் கருவிகள் உள. ஒன்றின் பெயர் கெற்-கீ-ஸ்ரேற். மற்றையதன் பெயர் கெற்-ஏசிங்-கீ-ஸ்ரேற். இவை இரண்டும் ஒன்றே என மயங்குவோர் பலர். முன்னையது, செயலி இப்பொழுது படித்துக்கொண்டிருக்கும் கடிதம் எழுதப்பட்ட வேளையில் விசை எந்நிலையில் இருந்தது என்று சொல்லும். பின்னையது, கேட்கும் இந்தக் கணத்தில் விசை எந்நிலையில் இருக்கிறது என்று சொல்லும். ஊரிலிருந்து வந்த கடிதத்தில் 'மழை பெய்கிறது' என்று இருந்தால், அது எழுதிய நாளின் மழை; இன்றைய வானத்தை அறிய வேண்டுமெனின் தொலைபேசியிற் கேட்க வேண்டும். கட்டளைகளைத் தீர்மானிப்பதற்கு வேண்டியது பெரும்பாலும் கடிதத்து மழையே. விளையாட்டுச் செயலிகளுக்கோ இன்றைய வானம் வேண்டும்.

இரு கருவிகளும் பதினாறு அலகுள்ள ஓர் எண்ணையே விடையாகத் தருகின்றன. அதன் மேல் நுனி அலகு எழுந்திருந்தால் விசை அழுந்தியிருக்கிறது என்று பொருள். அவ்வெண் பூச்சியத்திற் குறைந்ததாக வரும். கெற்-கீ-ஸ்ரேற் தரும் விடையின் அடி நுனி அலகு, கப்ஸ் லொக் போன்றவை ஏற்றப்பட்டிருக்கின்றனவா என்பதைக் காட்டும். விடை ஒன்றா என்று மட்டும் பார்ப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். ஷிப்ற் விசைக்கு இலக்கம் 16, கொன்ரோலுக்கு 17, ஓல்ற் விசைக்கு 18. ஓல்ற் என்பதற்கு அங்கே 'பட்டியல்' என்ற பொருளுள்ள வேறு பெயர் இட்டிருப்பது, அதனை அழுத்தினாற் பட்டியற் பலகை விழிப்படைவதனாலாகும். 1991 இல் வந்த விசுவல் பேசிக் மொழி இவற்றையெல்லாம் எளிமையாக்கி, ஷிப்ற் 1, கொன்ரோல் 2, ஓல்ற் 4 என்று கூட்டிய ஓர் எண்ணை நிகழ்ச்சியுடனேயே கொடுத்துவிட்டது. 5 வந்தால் ஷிப்றும் ஓல்றும், ஐயத்துக்கு இடமில்லை.

மசாசூசெற்ஸ் கழகத்திற் பிறந்து 1987 இல் பதினோராம் பதிப்பை அடைந்த எக்ஸ் சாளர முறையும் நிலையைக் கடிதத்துள்ளேயே வைத்து அனுப்பியது. அதில் இரண்டு நுட்பங்கள் உள. கடிதத்தில் உள்ள நிலை, அந்நிகழ்ச்சிக்குச் சற்று முன்னிருந்த நிலை. ஆகவே ஷிப்ற் விசையே அழுந்திய செய்தியில் ஷிப்ற் அழுந்தவில்லை என்றே காணப்படும். அது எழுந்த செய்தியிலோ அழுந்தியிருப்பதாகக் காணப்படும். மற்றது, நம் லொக், கப்ஸ் லொக் என்பனவும் அதே எண்ணிற் சேர்ந்து வரும். கொன்ரோலின் எண்ணாகிய 4 மட்டும் வந்தால்தான் ஏற்பேன் என்று எழுதிய செயலி, நம் லொக் ஏற்றியிருப்பவரின் கணினியிற் செவிடாகிவிடும். வேண்டாத அலகுகளை மறைத்துவிட்டே ஒப்பிடல் வேண்டும்.

தானே கணக்கு வைத்துக்கொள்ள விரும்பும் செயலிக்கு இன்னுமோர் இடர் உண்டு. ஓல்ற் விசையைப் பிடித்தபடி ராப் விசையை அழுத்தி வேறு சாளரத்துக்குச் செல்கிறோம். முதற் செயலி ஓல்ற் அழுந்தியதைக் கண்டது. அது எழுந்த செய்தி புதிய சாளரத்துக்கே போய்ச் சேர்ந்தது. திரும்பி வரும்போது, முதற் செயலி ஓல்ற் இன்னும் அழுந்தியே இருப்பதாக எண்ணிக்கொண்டு நாம் எழுதும் ஒவ்வோர் எழுத்தையும் கட்டளையாகக் கொள்ளும். கவனம் திரும்பியதும் பழைய கணக்கைத் துடைத்துவிட்டு முறைமையை மீளக் கேட்பதே தக்கது.

இவையெல்லாம் நிரலாளரின் உட்பூசல். பொதுமக்களுக்கு என்ன என்று பெரியோர் சிலர் கேட்கலாம். போலந்து நாட்டாரைக் கேட்டாற் சொல்வர். அவர் மொழியில் 'எஸ்' எழுத்தின் மேற் கீற்றிட்டு எழுதும் எழுத்து ஒன்று உண்டு. வலப்பக்க ஓல்ற் விசையுடன் 'எஸ்' அழுத்தி அதனை எழுதுவர். விண்டோஸ் முறையோ இத்தகைய விசைப்பலகைகளில் வலப்பக்க ஓல்ற் விசையைக் கொன்ரோலும் ஓல்றும் சேர்ந்ததாகவே செயலிகளுக்கு அறிவிக்கிறது. ஓல்ற் விசை ஒன்றே இருந்த பழைய பலகைகளுக்கு இடங்கொடுத்ததன் எச்சம் அது. மீடியம் என்னும் எழுத்துத் தளத்தார், எழுதுபவர் பழக்கத்தாற் கொன்ரோலும் 'எஸ்' உம் அழுத்தும்போது வீணான சேமிப்புப் பெட்டி எழாதவாறு அச்சேர்க்கையைத் தடுத்து வைத்தனர். கொன்ரோல் இருக்கிறதா என்று பார்த்தனரே அன்றி, உடன் ஓல்ற் இருக்கிறதா என்று பார்த்திலர். போலந்து மொழியில் அந்த ஓர் எழுத்து மட்டும் அவர் தளத்தில் எழுத முடியாமற் போயிற்று. அத்தளத்திற் பணியாற்றியவரும் போலந்திற் பிறந்தவருமான மார்சின் விகாரி 2015 இல் இதன் காரணத்தை விரித்து எழுதினார். ஒரு மொழியின் எழுத்தொன்று அழிவதற்கு ஒரு சிறு வினாவைக் கேளாது விட்டதே போதியதாயிற்று.

நம் மொழிக்கும் இது தொலைவிலுள்ள செய்தியன்று. ஆங்கில விசைகளில் ஒலிவழித் தமிழ் எழுதும் முறைகளில் றன்னகரத்துக்குச் சிற்றெழுத்தும், டண்ணகரத்துக்கு ஷிப்றுடன் கூடிய பேரெழுத்தும் வழங்குகின்றன. லகர ளகரமும், ரகர றகரமும் அங்ஙனமே. விரைந்து எழுதும் ஒருவரின் ஷிப்றைச் செயலி ஒருகணம் பிந்திக் கேட்டாற் போதும்: மணம் மனமாகிவிடும், களை கலையாகிவிடும், அறை அரையாகிவிடும். எழுத்துப்பிழை பார்க்கும் செயலியும் இதனைக் கண்டுபிடிக்க மாட்டாது. ஏனெனில் இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்களே. இத்தகைய எழுது செயலிகளை ஆக்கும் நம் இளைஞர், முன்னர்க் கூறிய கடிதத்து மழையையும் இன்றைய வானத்தையும் வேறு பிரித்தறிந்து எழுதுவாராக.

1999 இல் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை இத்தொல்லையை வேறொரு வகையில் தவிர்த்தது. பன்னீருயிரும் பதினெண்மெய்யும் ஆய்தமும் ஷிப்ற் இன்றியே அதில் எழுதப்படும். ஸ, ஜ, ஹ முதலிய கிரந்த எழுத்துக்களுக்கு மட்டுமே ஷிப்ற் வேண்டும். இலங்கையில் நாம் பெரும்பாலும் பழைய தட்டச்சுப் பொறியின் வழிவந்த பலகையிலேயே பழகியிருக்கிறோம். அதில் ஷிப்ற் இன்றி ஒரு பக்கம் எழுதி முடிப்பது அரிது.